அரசிடம் நம் டிஎன்ஏ: பேசும்போதும் கொடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானார். தைரியமாகப் புகார் கொடுத்தார், மருத்துவப் பரிசோதனைக்கும் ஒத்துழைத்தார். எது குற்றவாளியின் டிஎன்ஏ, எது இவருடையது என்று பிரித்துப் பார்க்க இவருடைய மாதிரியும் தேவைப்பட்டது, கொடுத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு சொத்துக் குற்ற வழக்கில் போலீஸ் அவரைத் தேடி வந்தது. கையில் வைத்திருந்த துப்பு, அன்று பாதிக்கப்பட்டவராக அவர் கொடுத்த அதே டிஎன்ஏ. 2022 பிப்ரவரியில் அந்நகரின் அன்றைய தலைமை அரசு வழக்கறிஞர் சேசா பூடின் இதை வெளியே சொன்னார், வழக்கும் கைவிடப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களின் மாதிரியை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பெண் கொடுத்தபோது கேட்டவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் கேட்டார்கள், அவரும் நல்ல நோக்கத்தோடுதான் கொடுத்தார். ஐந்து ஆண்டுகள் அந்த மாதிரியின் விவரம் எங்கே இருந்தது, யார் எடுத்துப் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அரசு வைத்திருக்கும் டிஎன்ஏ தரவுத்தளங்களைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சிலும் இந்தக் கேள்விகள்தான் விடுபடுகின்றன. டிஎன்ஏ நல்லதா கெட்டதா என்றே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் சில தவறுகளைப் பார்ப்போம்.

“தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?”

டீக்கடையிலும் கேட்கலாம், தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கலாம். இந்தக் கேள்வியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தரவுத்தளத்தில் யார் பெயர் ஏறுகிறது என்பதைக் குற்றம் தீர்மானிப்பதில்லை, கைதுதான் தீர்மானிக்கிறது. கைது யாரைத் தேடிப் போகிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

பிரிட்டன் 1995இல் தேசிய அளவிலான டிஎன்ஏ தரவுத்தளத்தைத் தொடங்கியது. உலகில் அதுதான் முதல். நாளடைவில் கைதானாலே மாதிரி எடுக்கலாம், வழக்கு தோற்றாலும் வைத்துக்கொள்ளலாம் என்று விதிகளைத் தளர்த்திக்கொண்டே போனார்கள். 2001இல் 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொள்ளை முயற்சி வழக்கில் கைதானான். சில மாதங்களிலேயே நீதிமன்றம் அவனை விடுவித்தது. அவனுடைய மாதிரியை அழிக்கச் சொன்னபோது காவல்துறை மறுத்துவிட்டது. அந்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2008 டிசம்பர் 4 அன்று 17 நீதிபதிகளும் ஒருமனதாக பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் மாதிரியைக் கால வரையறை இல்லாமல் வைத்திருப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்றார்கள். 2012இல் பிரிட்டன் புதிய சட்டம் கொண்டுவந்து, குற்றமற்றவர்களின் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை நீக்க வேண்டி வந்தது. அத்தனை லட்சம் பேரும் தப்பு செய்யாதவர்கள்தான். அந்தக் காலத்தில் அங்கிருந்த மரபியல் ஆணையம் வெளியிட்ட இன்னொரு கணக்கும் உண்டு: 18 முதல் 35 வயது வரையிலான கறுப்பின ஆண்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் அந்தத் தரவுத்தளத்தில் இருந்தார்கள். அந்த மக்கள் எல்லாரும் குற்றவாளிகளா? போலீஸ் வண்டி எந்தத் தெருவில் அதிகம் நிற்கிறதோ அந்தத் தெருவின் டிஎன்ஏ அதிகம் சேரும், அவ்வளவுதான்.

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். அவர்களில் தலித்துகள், பழங்குடியினர், முஸ்லிம்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடக் கூடுதல். தேசிய டிஎன்ஏ தரவு வங்கி அமைக்க மத்திய அரசு கொண்டுவந்த டிஎன்ஏ மசோதாவை நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்து 2021இல் அறிக்கை தந்தபோது, எம்.பி.க்கள் அசதுத்தீன் ஒவைசியும் பினோய் விஸ்வமும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள். அவர்களின் கவலை இதைச் சுற்றித்தான் இருந்தது.

வேங்கைவயலை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. விசாரணையில் டிஎன்ஏ பரிசோதனை முக்கிய இடம் பிடித்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களிடமே ரத்த மாதிரி கேட்கப்பட்டது. சிலர் முதலில் மறுத்தார்கள். பாதிக்கப்பட்ட எங்களையே சந்தேகப்படுவதா என்று கேட்டார்கள். அவர்கள் ஏன் மறுக்கிறார்கள், மறைக்க ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே என்று வெளியே பேச்சு கிளம்பியது. மறுப்பதையே குற்றத்தின் அறிகுறியாகப் பார்ப்பது இந்த முதல் தவறின் இன்னொரு முகம். தனக்கு எதிராக எது எப்படித் திரும்பும் என்று அனுபவத்தில் கண்டவர்கள் யோசிப்பார்கள். யோசிப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

மாதிரி வேறு, எண்கள் வேறு

“வெறும் சில எண்கள்தானே சேமிக்கிறார்கள், அதில் என் நோய்நொடியெல்லாம் தெரியவா போகிறது?” என்று விவரம் தெரிந்தவர்களும் கேட்பதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், அல்லது ஊசியில் ரத்தம் எடுப்பார்கள். ஆய்வகத்தில் அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுப்பார்கள். அந்த இடங்களில் ஒரு சிறு எழுத்துத்தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓர் இடத்தில் தாயிடமிருந்து வந்தது 12 முறை, தந்தையிடமிருந்து வந்தது 15 முறை என்றால் 12, 15 என்று குறித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் முதலில் இப்படி 13 இடங்களைப் பார்த்தார்கள், 2017 முதல் 20 இடங்கள். கணினியில் ஏறுவது இந்த எண் வரிசை. இதை வைத்து உங்களுக்குச் சர்க்கரை வருமா என்று சொல்லிவிட முடியாது. சரி.

ஆனால் அந்தக் குச்சி? அந்த ரத்தக் குப்பி? அதில் உங்கள் மரபணுத் தொகுதி முழுக்க இருக்கிறது. இன்று அதைப் படிக்க ஆகும் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. எண்களை எடுத்த பிறகு மாதிரியை அழித்துவிட்டார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மேலே சொன்ன பிரிட்டன் சட்டம் வந்தபோது, பதிவுகளை நீக்கியதோடு, சேர்த்து வைத்திருந்த 77 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளையும் அழித்தார்கள். எண்கள் கிடைத்ததும், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள், மாதிரி போய்விட வேண்டும் என்பது இப்போது அங்கே பொது விதி. ஆக, மாதிரியை வைத்துக்கொள்ளாமலே தரவுத்தளம் நடத்த முடியும் என்று ஒரு நாடு செய்து காட்டியிருக்கிறது.

அந்த எண்களும்கூட நாம் நினைக்கும் அளவுக்கு ஊமையில்லை. குற்றத் தரவுத்தளத்தில் இருக்கும் எண் வரிசையையும் மருத்துவ ஆய்வுக்காகப் பெயரில்லாமல் சேமித்த வேறுவகை மரபணுத் தரவையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே ஆளுடையவை என்று பெரும்பாலான நேரங்களில் கண்டுபிடிக்க முடியும் என்று 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு தரவுகளும் அரசிடமே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

“என் டிஎன்ஏ, என் முடிவு”

கைரேகை ஒருவரோடு முடிந்துவிடும். டிஎன்ஏ அப்படியில்லை. நீங்கள் கொடுத்தால் உங்கள் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகள் எல்லாரையும் பற்றிக் கொஞ்சம் கொடுத்துவிடுகிறீர்கள். அவர்களில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

2018 ஏப்ரலில் கலிபோர்னியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஜோசப் டீஏஞ்சலோ கைதானார். 1970களிலும் 80களிலும் நடந்த தொடர் கொலைகளும் பாலியல் வன்முறைகளும் அவர் செய்தவை. அவருடைய டிஎன்ஏ எந்த அரசுத் தரவுத்தளத்திலும் இல்லை. வம்சாவளி தேடுகிறவர்கள் தாங்களாகவே பதிவேற்றும் ஒரு தளத்தில் இருந்த தூரத்துச் சொந்தங்களின் டிஎன்ஏ வழியாக, குடும்ப மரத்தைக் கிளை கிளையாக வரைந்து அவரைப் பிடித்தார்கள். அவர் பிடிபட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். கூடவே அந்தக் கைது சொன்ன இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும்: முன்பின் பார்த்திராத ஒரு சொந்தக்காரர் பதிவேற்றியதே ஒருவரைக் கண்டுபிடிக்கப் போதும்.

சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உள்ள நம் ஊர்களில் இதன் எடை கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று ஒரே வட்டத்துக்குள் கொண்டும் கொடுத்தும் வந்த குடும்பங்களில், உறவினர்களிடையே பொதுவாக இருக்கும் மரபணுப் பங்கு வழக்கத்தைவிட அதிகம். ஒருவரைத் தேடினால் அரைகுறைப் பொருத்தம் பங்காளி வீட்டையும் காட்டும், சம்பந்தி வீட்டையும் காட்டும். விசாரணை என்று போலீஸ் அந்த வீடுகளின் கதவைத் தட்டும். அது போதாதென்று, இந்தத் தேடல்கள் யாரும் கேட்காத உண்மைகளையும் வெளியே இழுத்துப் போடும். அப்பா என்று அழைக்கப்படுபவர் அப்பா இல்லை என்பது ஒரு திருட்டு வழக்கின் கோப்பில் தெரியவந்தால், அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

பொருந்திவிட்டது என்றால் முடிந்தது?

டிஎன்ஏ பொய் சொல்லாது என்பார்கள். டிஎன்ஏ எதையுமே சொல்வதில்லை. எடுத்தவர், அனுப்பியவர், சோதித்தவர், கணக்குப் போட்டவர் என்று மனிதர்கள்தான் சொல்கிறார்கள்.

1999இல் பிரிட்டனில் ஒரு வீடு புகுந்து திருடிய வழக்கில் தரவுத்தளம் ஒருவரைக் காட்டியது. தற்செயலாகப் பொருந்த 3.7 கோடியில் ஒரு வாய்ப்புத்தான் என்றார்கள். அந்த மனிதருக்கு பார்க்கின்சன் நோய் முற்றியிருந்தது. கார் ஓட்டக்கூட முடியாதவர் 200 மைலுக்கு அப்பால் போய்த் திருடினார் என்பது குற்றச்சாட்டு. ஆறு இடங்களை ஒப்பிட்டதற்குப் பதில் பத்து இடங்களை ஒப்பிட்டபோது பொருத்தம் கலைந்துபோனது.

கணக்கு எளிது. தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் 60 லட்சம் பேர் இருக்கும் தரவுத்தளத்தில் தேடினால், குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத ஆறு பேர் பொருந்துவார்கள் என்று எதிர்பார்க்கலாம். தரவுத்தளம் பெரிதாக ஆக இந்த எண்ணிக்கையும் பெரிதாகும். நிறையப் பேரைச் சேர்த்தால் நிறையக் குற்றவாளிகள் சிக்குவார்கள் என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

ஜெர்மனியில் பல ஆண்டுகள் ஒரு மர்மப் பெண்ணைத் தேடினார்கள். கொலை, திருட்டு என்று ஏறத்தாழ நாற்பது இடங்களில் அவளுடைய டிஎன்ஏ கிடைத்தது. 2009இல்தான் விஷயம் புரிந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த பெண்ணின் டிஎன்ஏ அது.

அயல்நாட்டுக் கதைகள் இருக்கட்டும். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. முக்கியச் சான்றாக முன்வைக்கப்பட்ட டிஎன்ஏ மாதிரி எடுத்த நாளிலிருந்து ஆய்வகம் போய்ச் சேர்ந்தது வரை யார் கையில், எந்த நிலையில் இருந்தது என்பதற்குச் சரியான கணக்கு இல்லை என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் நெறிமுறைகளை வகுத்தது: மாதிரி 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் ஆய்வகத்தைச் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும், வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அனுமதி இல்லாமல் உறையைப் பிரிக்கக் கூடாது. 2025இல் வந்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரியை ஒழுங்காக ஆய்வகத்தில் சேர்க்கவே திணறும் அமைப்பிடம் கோடிக்கணக்கான மாதிரிகளைக் கொடுப்பதைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவத்துக்குக் கொடுத்தது அங்கேயே நிற்கும் என்று நம்புவது

இதில் விவாதிக்க அதிகம் இல்லை, நடந்ததைச் சொன்னாலே போதும். ஸ்வீடனில் 1975 முதல் பிறக்கும் குழந்தைகளின் குதிகாலில் எடுக்கும் ரத்தத் துளிகளை மருத்துவப் பயன்பாட்டுக்காகச் சேமித்து வந்தார்கள். 2003இல் வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் கொல்லப்பட்டபோது, சந்தேக நபரை உறுதி செய்யப் போலீஸ் அங்கே போனது, கிடைத்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் பிறந்த குழந்தையின் ரத்தத் துளியை வைத்து அதன் தந்தையைப் பழைய வழக்கொன்றில் போலீஸ் தேடியது 2022இல் ஒரு வழக்கின் மூலம் வெளியே வந்தது. சீனாவின் சின்ஜியாங்கில் 12 முதல் 65 வயது வரையிலானவர்களிடம் டிஎன்ஏ சேகரித்தார்கள், அதில் பெரும்பகுதி இலவச மருத்துவ முகாம் என்ற பெயரில். தங்கள் ரத்தம் எதற்குப் போகிறது என்று உய்குர் மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

“மசோதாவைத்தான் திரும்பப் பெற்றுவிட்டார்களே”

இது நம் நாட்டுக்கே உரிய தவறு, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019இல் மக்களவையில் இரண்டாம் முறையாக அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. பலர் அப்பாடா என்று இருந்துவிட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பே, 2022இல், குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்துவிட்டது. 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. பழைய சட்டம் கைரேகை, கால்தடம், புகைப்படத்தோடு நின்றது. புதியது கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரிகள், அவற்றின் பகுப்பாய்வு என்று விரிகிறது. டிஎன்ஏ என்று பெயர் சொல்லவில்லை, ஆனால் உயிரியல் மாதிரியின் பகுப்பாய்வில் அது அடங்கிவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். 25 வயதில் கைதான ஒருவரின் பதிவு அவருக்கு 100 வயதாகும் வரை இருக்கலாம்.

தண்டனை பெற்றவர்களோடு இது நிற்கவில்லை. கைதானவர்கள் மட்டுமல்லாமல் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களும் வரம்புக்குள் வருகிறார்கள். குண்டர் சட்டம் தாராளமாகப் பாயும் தமிழ்நாட்டில் இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

மசோதா போனதால் நாம் இழந்ததும் ஒன்று உண்டு. அதில் குறைகள் இருந்தன, ஆனால் ஒழுங்குமுறை வாரியம், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம், தவறாகப் பயன்படுத்தினால் தண்டனை என்றாவது பேசியது. இப்போது சேகரிக்கும் அதிகாரம் இருக்கிறது, கண்காணிக்கத் தனி அமைப்பு இல்லை. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குற்றப் புலனாய்வுக்கும் அரசு அமைப்புகளுக்கும் விரிந்த விலக்குகளைக் கொடுத்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னதும், உரிமையில் கைவைத்தால் அதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மீறிப் போகக் கூடாது என்று வகுத்ததும் நமக்கு மிச்சமிருக்கும் பிடிமானம்.

அப்படியொரு பிடிமானம் எவ்வளவு உதவும் என்பதற்குக் குவைத் உதாரணம். 2015இல் ஒரு மசூதியில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, குடிமக்கள், அங்கே வேலை செய்யும் வெளிநாட்டினர், வந்துபோகிறவர்கள் என எல்லாரும் டிஎன்ஏ கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மறுத்தால் சிறை. அங்கே உழைக்கும் நம் ஊர்க்காரர்களும் அதில் அடங்கியிருப்பார்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள், 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

டிஎன்ஏவே வேண்டாம் என்பதும் தவறுதான்

குற்ற வழக்கில் டிஎன்ஏவை முதன்முதலாகப் பயன்படுத்தியபோது அது செய்த முதல் வேலை ஒரு நிரபராதியைக் காப்பாற்றியது. 1980களில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில், ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயது இளைஞன் அதைச் செய்யவில்லை என்று, டிஎன்ஏ வைத்து ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்த விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸின் பரிசோதனை காட்டியது. உண்மையான கொலையாளி பின்னால்தான் சிக்கினான்.

அர்ஜென்டினாவின் கதை இன்னும் நெஞ்சைத் தொடும். 1976 முதல் 1983 வரையிலான ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குழந்தைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாட்டிமார்கள் பிளாசா டே மாயோ சதுக்கத்தில் கூடிப் பேரப்பிள்ளைகளைக் கேட்டார்கள். அவர்களின் போராட்டத்தால் 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி உருவானது. குடும்பங்கள் தாங்களாக வந்து ரத்தம் கொடுத்தன, எதற்காக என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் செம்மணிப் புதைகுழி 2025இல் தோண்டப்பட்டபோது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் டிஎன்ஏ பரிசோதனையை எதிர்பார்த்ததும் அதே தவிப்பில்தான். அந்தத் தாய்மார்கள் கொடுக்கும் ரத்தம் பிள்ளையைத் தேட மட்டுமே பயன்பட வேண்டும், நாளை அந்தக் குடும்பத்தையே கண்காணிக்கப் பயன்படக் கூடாது. அதை எழுத்தில் உறுதி செய்தால்தான் அச்சமில்லாமல் கொடுக்க முடியும்.

கடைசியாக, கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சில விவரங்கள். 2022 சட்டப்படி, ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்காகக் கைதானவர், அது பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிரான குற்றமாக இல்லாதபோது, உயிரியல் மாதிரி கொடுக்க மறுக்கலாம். இதைக் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்லப் பெரும்பாலும் ஆள் இருக்காது, அதனால் வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மற்ற சூழ்நிலைகளில் மறுப்பதே குற்றமாகலாம். முன்பு தண்டனை பெறாதவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து விடுதலையானாலோ, நீதிமன்றம் காரணம் காட்டி வேறுவிதமாக உத்தரவிடாத வரை பதிவுகளை அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அழிக்கும் கோரிக்கை மாநில அரசு நியமிக்கும் தொடர்பு அதிகாரிக்குப் போக வேண்டும் என்பது விதி. எனவே விடுதலையான கையோடு இருந்துவிடாமல், தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்து அவருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். மனுவில் எண்களையும் மாதிரியையும் இரண்டையும் அழிக்கக் கேளுங்கள், அழித்ததற்குப் பதிலும் எழுத்தில் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.